காவிரிப் படுகையின் எண்ணெயும் எரிவாயுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்டா மாவட்டங்களில் எண்ணெய்க் கிணறு என்றாலே பேச்சு சூடேறிவிடும். ஒரு பக்கம் "நாட்டின் வளர்ச்சி", இன்னொரு பக்கம் "சோழ நாடு பாலைவனமாகப் போகிறது". இரண்டுக்கும் நடுவே எவ்வளவு எண்ணெய், யாருடைய அனுமதி, எந்தச் சட்டம் என்ற சாதாரணக் கேள்விகள் அமுங்கிப்போகின்றன. அவற்றுக்கான பதில்களே இங்கே.

காவிரிப் படுகையும் காவிரி டெல்டாவும் ஒன்றுதானா?

இல்லை. டெல்டா என்பது கண்ணுக்குத் தெரிவது: ஆறு, வாய்க்கால், வயல். படுகை என்பது அதற்கு அடியில் கிலோமீட்டர் கணக்கில் இறங்கும் பாறை அடுக்குகளின் தொட்டி. எண்ணெய்த் துறையினர் "காவிரிப் படுகை" என்று சொல்லும்போது புதுச்சேரிக்கு வடக்கிலிருந்து ராமநாதபுரம் தாண்டி மன்னார் வளைகுடா வரை போகும் பரப்பைச் சொல்கிறார்கள். நிலத்தில் சுமார் 25,000 சதுர கிலோமீட்டர், ஆழம் குறைந்த கடலில் 30,000, ஆழ்கடலில் இன்னும் 95,000. ஆக, படுகையின் பெரும்பகுதி கடலுக்கடியில்தான். ராமநாதபுரத்து வறண்ட நிலமும் காவிரிப் படுகைதான். அங்கே காவிரித் தண்ணீர் குழாயில் வந்தால் உண்டு.

நெல் விளையும் நிலத்துக்கு அடியில் எண்ணெய் எப்படி வந்தது?

இந்தியா, இலங்கை, அண்டார்க்டிகா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக இருந்த காலம் ஒன்று உண்டு. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அது பிளக்கத் தொடங்கியபோது, இன்றைய தமிழகக் கடற்கரையை ஒட்டிய நிலம் பல இடங்களில் விரிசல் கண்டு உள்ளே இறங்கியது. மேடுகளும் பள்ளங்களும் மாறி மாறி அமைந்தன. பள்ளங்களில் முதலில் ஆற்று மணலும், பிறகு கடல் புகுந்தபின் களியும் சுண்ணாம்பும் படிந்தன. கடல் உயிர்களின் எச்சம் கலந்த களி மேலும் மேலும் புதைந்து, சூடேறி, எண்ணெயும் வாயுவும் ஆனது. அது மேலே ஏறிப்போகும் வழியில் மணற்பாறைகளில் சிக்கிக்கொண்டது.

பள்ளங்களுக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயர்கள் நமக்குப் பழக்கமானவை: அரியலூர்–புதுச்சேரி, தரங்கம்பாடி, தஞ்சாவூர், நாகப்பட்டினம். இடையிலுள்ள மேடுகள் கும்பகோணம்–மாதானம் முகடு, பட்டுக்கோட்டை–மன்னார்குடி முகடு. பாறை அடுக்குகளின் பெயர்ப் பட்டியலை வாசித்தால் டவுன் பஸ் நிறுத்தங்களை வாசிப்பதுபோலவே இருக்கும்: ஆண்டிமடம், சத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம், கமலாபுரம், நிரவி, திட்டச்சேரி. எந்த ஊர்க் கிணற்றில் அந்த அடுக்கு நன்றாகத் தெரிந்ததோ அந்த ஊரின் பெயர் அதற்கு. சத்தப்பாடிக் களிப்பாறையும் ஆண்டிமடத்து அடுக்கும் எண்ணெயைப் பிறப்பித்தவை. புவனகிரி, நன்னிலம், கமலாபுரம் மணற்பாறைகள் அதைத் தேக்கி வைத்திருப்பவை.

இந்தப் பாறைகளைப் பார்க்க ஆயிரம் அடி தோண்ட வேண்டியதில்லை. படுகையின் மேற்கு விளிம்பான அரியலூர்–பெரம்பலூர் பக்கம் அதே கிரெட்டேசியஸ் காலத்து (டைனோசர்கள் வாழ்ந்த காலம்) கடற்பாறைகள் தரைக்கு மேலேயே கிடக்கின்றன. காரை கிராமத்துச் செம்மண் ஓடைகளில் சுருள் ஓட்டு அம்மோனைட் புதைபடிவங்கள் பெயர்பெற்றவை. அரியலூர் சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடலின் மிச்சம்தான். திருவாரூரில் ஓரிரு கிலோமீட்டர் ஆழத்தில் ஒளிந்திருப்பதை அரியலூரில் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

தேடல் எப்போது தொடங்கியது?

1950களின் பிற்பகுதியில். முதல் ஆழக் கிணறு 1964இல் தோண்டப்பட்டது. ஆனால் நிலத்துக்குள் செயற்கையாக அதிர்வலைகளை அனுப்பிப் பாறைகளைப் படமெடுக்கும் முறை மேம்பட்டு, 1984வாக்கில் இங்கே பயன்பாட்டுக்கு வந்த பிறகுதான் எண்ணெய் வயல்கள் அடுத்தடுத்துப் பிடிபட்டன. நரிமணம், கோவில்களப்பால், கமலாபுரம், அடியக்கமங்கலம், புவனகிரி என்று 1980களிலும் 90களிலும் வந்த பெயர்கள்தாம் இன்றும் இந்தப் படுகையின் முதுகெலும்பு. மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யின் களத் தலைமையகம் காரைக்காலை ஒட்டிய நிரவியில் இருக்கிறது.

நாட்டின் உற்பத்தியில் இதன் பங்கு எவ்வளவு?

சிறியது. எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் நினைப்பதைவிடச் சிறியது.

2018-19ஐ எடுத்துக்கொள்வோம், சமீப காலத்தில் நல்ல உற்பத்தி இருந்த ஆண்டுகளில் ஒன்று. தமிழ்நாட்டு நிலப்பரப்பில் கிடைத்த கச்சா எண்ணெய் ஏறத்தாழ 4 லட்சம் டன். அந்த ஆண்டில் இந்தியாவின் மொத்த உற்பத்தி சுமார் 3.4 கோடி டன். அதாவது ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. எரிவாயுவில் நிலைமை கொஞ்சம் மேல்: ஏறத்தாழ 120 கோடி கன மீட்டர், நாட்டின் உற்பத்தியில் நான்கு சதவீதத்தை எட்டாத அளவு.

இந்தியா பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. நாட்டின் சுத்திகரிப்பு ஆலைகள் ஓராண்டில் 25 கோடி டன்னுக்கு மேல் கையாள்கின்றன. அப்படிப் பார்த்தால் காவிரிப் படுகை நிலப்பரப்பு ஓராண்டு முழுதும் தருவது அந்த ஆலைகளின் ஒரு நாள் வேலைக்குப் போதாது. "இந்த எண்ணெயை எடுக்காவிட்டால் நாடு நின்றுவிடும்" என்ற வாதத்தை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

அதே நேரம், எரிவாயுவை இப்படி நாட்டுக் கணக்கில் மட்டும் நிறுத்துப் பார்ப்பது சரியல்ல. எரிவாயு பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே செலவாகிற பொருள். இந்தப் படுகையின் உண்மையான பங்கு அங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே.

இவ்வளவு சிறிய உற்பத்திக்கு ஏன் ஊருக்கு ஊர் கிணறு?

மும்பைக் கடலில் இருப்பதுபோல ஒரே பெரிய வயல் இங்கே இல்லை. முன்பு சொன்ன விரிசல்களால் படுகை துண்டு துண்டாக உடைந்திருக்கிறது. எண்ணெயும் சிறு சிறு தேக்கங்களாகச் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கிணறு, தனிக் குழாய், தனிச் சாலை. மாதானம் போன்ற இடங்களில் மணற்பாறையில்கூட இல்லை, அடித்தளக் கருங்கல்லின் வெடிப்புகளிலேயே எண்ணெய் இருக்கிறது. எந்த வெடிப்பு எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

ஆதலால் உற்பத்தி குறைவு, நிலத்தோடு உரசல் அதிகம். ஒரு டன் எண்ணெய்க்கு இத்தனை கிராமங்களைத் தொட வேண்டியிருப்பதுதான் இங்கே நடக்கும் எல்லாத் தகராறுக்கும் ஆணிவேர் என்று நான் நினைக்கிறேன்.

வயலுக்கு நடுவே வேலி போட்டு நிற்கிறதே இரும்புக் குழாய்த் தொகுதி, அது என்ன?

அதைத் துறையில் "கிறிஸ்துமஸ் மரம்" என்பார்கள். ஆள் உயரமோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக வால்வுகள், பக்கவாட்டில் கிளைபோல் குழாய்கள், அழுத்தமானிகள். கிணறு தோண்டி முடித்த பிறகு கண்ணுக்கு மிஞ்சுவது அவ்வளவுதான்.

தோண்டும்போது காட்சி வேறு. இரண்டு மூன்று ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சரளை கொட்டி மேடாக்குவார்கள். ரிக் எனப்படும் துளையிடும் கோபுரம் வந்து நிற்கும். இரவு பகலாக வேலை. ஜெனரேட்டர் சத்தமும் விளக்கு வெளிச்சமும் அரைக் கிலோமீட்டருக்குத் தெரியும். துளையிடும் முனை சூடேறாமலும் உள்ளிருக்கும் அழுத்தம் சீறி வெளியே வராமலும் இருக்க, பெண்டோனைட் களியும் பேரைட் தூளும் கலந்த கனமான சேற்றை ஓயாமல் உள்ளே செலுத்துவார்கள். குறிப்பிட்ட ஆழம் போனதும் எஃகுக் குழாயை இறக்கி, குழாய்க்கும் மண்ணுக்கும் இடையில் சிமெண்டைச் செலுத்தி அடைப்பார்கள். பிறகு அதைவிடக் குறுகிய துளை, குறுகிய குழாய், மறுபடி சிமெண்ட். நிலத்தடி நீரையும் எண்ணெயையும் பிரித்து வைப்பது இந்தக் குழாயும் சிமெண்டும்தான். "கிணறு பாதுகாப்பானதா" என்ற கேள்வி கடைசியில் இந்தச் சிமெண்ட் எவ்வளவு நன்றாகப் பிடித்திருக்கிறது, எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கேள்விதான்.

எண்ணெய் இருக்கும் மட்டத்தில் குழாயைத் துளைத்து வழி திறந்தபின், வருவது வெறும் எண்ணெய் அல்ல. எண்ணெய், வாயு, உப்புத் தண்ணீர் மூன்றும் கலந்து வரும். அவற்றைச் சேகரிப்பு நிலையத்துக்குக் குழாயில் கொண்டுபோய்ப் பிரிப்பார்கள். பயன்படுத்த முடியாத வாயுவை உயரமான குழாயின் நுனியில் எரித்துவிடுவார்கள். நாகூர்ப் பக்கம் இரவுப் பயணத்தில் வானத்தில் செந்தீ தெரிந்தால் அது இதுதான். வயல் வயதாக ஆக எண்ணெய் குறைந்து உப்புத் தண்ணீர் கூடும். அந்தத் தண்ணீரை என்ன செய்கிறார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு; கேட்க வேண்டிய கேள்வி அது.

எரிவாயு எங்கே போகிறது?

பெரும்பாலும் மின்சாரமாக. மாநில மின்வாரியத்தின் எரிவாயு மின்நிலையங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பாருங்கள்: திருவாரூர் மாவட்டம் திருமாக்கோட்டையில் கோவில்களப்பால் நிலையம் (சுமார் 108 மெகாவாட்), குத்தாலம் (101 மெகாவாட்), ராமநாதபுரம் வழுதூர் (இரண்டு அலகும் சேர்ந்து 187 மெகாவாட்). மூன்றும் வாயு வயல்களின் வாசலில். காரைக்காலில் புதுச்சேரி அரசின் மின்கழகம் 32.5 மெகாவாட் நிலையம் ஒன்றை 2000இலிருந்து நடத்துகிறது. தனியார் நிலையங்களும், வாயுவை உலைக்குப் பயன்படுத்தும் தொழிற்சாலைகளும் தனி.

இதற்குக் காரணம் எளியது. இந்தப் படுகையின் குழாய் வலை பல ஆண்டுகள் நாட்டின் மற்ற எரிவாயுக் குழாய்களோடு சேராமல் தனித்தீவாக இருந்தது. வாயுவைப் பக்கத்திலேயே எரிக்காவிட்டால் வேறு வழியில்லை. இப்போது அது மாறிவருகிறது. எண்ணூரில் 2019இல் திறக்கப்பட்ட, கப்பலில் வரும் திரவ இயற்கை எரிவாயுவுக்கான (எல்.என்.ஜி.) முனையத்திலிருந்து நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடி, பெங்களூரு என்று கிளை பிரியும் குழாய்த் திட்டத்தில், ராமநாதபுரம்–தூத்துக்குடி இடையிலான 143 கிலோமீட்டர்ப் பகுதி 2021 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. ராமநாதபுரத்து வாயு தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்குப் போக வழி பிறந்தது. குழாய் வந்துவிட்டால் வாயுவுக்குச் சந்தை பெரிதாகும். இன்னும் தோண்டும் ஆசையும் கூடவே வளரும்.

நரிமணம் சுத்திகரிப்பு ஆலை இன்னும் ஓடுகிறதா?

பழைய ஆலை ஓடவில்லை. நாகப்பட்டினம் அருகே பனங்குடியில், இன்று சி.பி.சி.எல். (சென்னை பெட்ரோலியம்) எனப்படும் பொதுத்துறை நிறுவனம் 1993இல் ஆண்டுக்கு 5 லட்சம் டன் திறனில் அதைத் தொடங்கியது. 2002இல் 10 லட்சம் டன்னாக உயர்த்தியது. உள்ளூர் எண்ணெயை உள்ளூரிலேயே சுத்திகரிப்பதுதான் நோக்கம். மேலே சொன்ன உற்பத்திக் கணக்கைப் பார்த்தாலே அந்த ஆலைக்கு வயிறு நிரம்பியிருக்காது என்று புரியும். 2019இல் அது நிறுத்தப்பட்டது.

அதே இடத்தில் 90 லட்சம் டன் திறனுள்ள புதிய ஆலைக்குப் பிரதமர் 2021 பிப்ரவரி 17 அன்று அடிக்கல் நாட்டினார். அப்போதைய மதிப்பீடு 31,500 கோடி ரூபாய். நிலம் கையகப்படுத்துதல், மறுவாழ்வுத் தொகை என்று சுற்றுவட்டாரக் கிராமங்களில் நீண்ட போராட்டம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 90 லட்சம் டன் ஆலைக்குக் காவிரிப் படுகையின் 4 லட்சம் டன் ஒரு மூலைக்குக் காணாது. புதிய ஆலை கப்பலில் வரும் எண்ணெயை நம்பியது. பெயரில்தான் அது காவிரிப் படுகை ஆலை.

2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரிக் கடற்கரையில் அந்நிறுவனத்தின் பழைய குழாயிலிருந்து கச்சா எண்ணெய் கசிந்து கடலில் கலந்தது. மீனவர்கள் தொழிலை நிறுத்திவிட்டு, குழாயை ஒட்டுப்போட்டால் போதாது, பெயர்த்தெடுத்தே ஆக வேண்டும் என்று நின்றார்கள்.

மீத்தேன் திட்டம், ஹைட்ரோகார்பன் திட்டம், ஷேல் வாயு எல்லாம் ஒன்றா?

மேடைகளில் ஒன்று, நிலத்தடியில் வேறு வேறு. வேதியியல்படி மீத்தேனும் ஒரு ஹைட்ரோகார்பன்தான். குழப்பம், எடுக்கும் முறைகளைக் கலந்து பேசுவதில் வருகிறது.

நாற்பது ஆண்டுகளாக ஓ.என்.ஜி.சி. எடுத்துவருவது மரபான எண்ணெய், எரிவாயு. மணற்பாறையில் தேங்கியிருப்பது, பெரும்பாலும் தன் அழுத்தத்தாலேயே மேலே வருவது.

நிலக்கரிப் படுகை மீத்தேன் என்பது வேறு. நிலக்கரி அடுக்கில் வாயுவைத் தண்ணீரின் அழுத்தம் பிடித்து வைத்திருக்கிறது; அது வெளிவர வேண்டுமானால் அந்தத் தண்ணீரை மாதக்கணக்கில் இறைத்துக் கொட்ட வேண்டும். டெல்டா விவசாயிகளை உலுக்கியது இந்தப் புள்ளிதான். 2010இல் மத்திய அரசு மன்னார்குடி வட்டாரத்தில் இதற்காக கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. 2011 தொடக்கத்தில் மாநில அரசும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. எதிர்ப்பு ஊர் ஊராகப் பரவியது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் இந்தப் பிரசாரத்துக்காகப் பட்டுக்கோட்டைப் பக்கம் தங்கியிருந்தபோதுதான் 2013 டிசம்பர் 30 அன்று காலமானார். 2013இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவைத்தது. 2015இல் அனுமதியில்லை என்று கொள்கை முடிவாகவே அறிவித்தது. திட்டம் கைவிடப்பட்டது.

ஷேல் வாயு மூன்றாவது வகை. எண்ணெயைப் பிறப்பித்த களிப்பாறையையே உயர் அழுத்த நீரால் உடைத்து வாயுவை விடுவிப்பது. 2013இல் மத்திய அரசு பொதுத்துறை நிறுவனங்களுக்கு இதற்கு வழிவிட்டபோது காவிரிப் படுகையும் பட்டியலில் இருந்தது.

பிறகு ஏன் எல்லாம் கலந்தது? 2016இல் வந்த ஹெல்ப் எனப்படும் ஹைட்ரோகார்பன் கொள்கை, ஒரே உரிமத்தில் மரபான எண்ணெய், நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் என்று எது கிடைத்தாலும் எடுக்கலாம் என்றது. மக்கள் குழம்பினார்கள் என்று கேலி செய்வோர் இதையும் சொல்ல வேண்டும். அரசின் உரிமமே பிரித்துக் காட்டாதபோது, விவசாயி "எதை எடுத்தாலும் வேண்டாம்" என்று சொல்வதில் தர்க்கம் இருக்கிறது.

நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் நடந்தது என்ன?

இரண்டும் 2017. ஆனால் பிரச்சினை ஒன்றல்ல.

புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் ஓ.என்.ஜி.சி. முன்பே தோண்டிப் பார்த்து விட்டுவைத்த சிறு எண்ணெய் வயல் ஒன்று இருந்தது. அதை மத்திய அமைச்சரவை 2017 பிப்ரவரி 15 அன்று, நாடு முழுதும் 31 சிறு வயல் ஒப்பந்தங்களில் ஒன்றாக, ஜெம் லேபரட்டரீஸ் என்ற நிறுவனத்துக்குக் கொடுத்தது. ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். அடுத்த நாளே ஊர் திரண்டது. நடுவில் ஒரு முறை வாக்குறுதியை நம்பி நிறுத்தி, ஏப்ரலில் மறுபடி தொடங்கி, அந்த இரண்டாம் கட்டம் அக்டோபர் வரை நீண்டது. எண்ணெய் எடுப்பதற்கான குத்தகையை மாநில அரசு புதிய நிறுவனத்துக்கு மாற்றித் தரவில்லை. வேலை தொடங்கவே இல்லை.

தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் இருந்தது ஏற்கெனவே உற்பத்தி நடந்துகொண்டிருந்த எண்ணெய் வயல். 2017 ஜூன் 30 அன்று விளைநிலத்துக்கடியில் போன குழாய் உடைந்து கச்சா எண்ணெய் பீறிட்டது. ஆட்சியர் வந்து பார்க்க வேண்டும் என்று மக்கள் அமர்ந்தார்கள். வைக்கோலில் தீ, தடியடி, கைது என்று மாலைக்குள் ஊர் களேபரமானது. நெடுவாசல் ஒரு அச்சத்துக்கு எதிரான போராட்டம். கதிராமங்கலம் கண்ணெதிரே நடந்த ஒன்றுக்கு எதிரானது. செய்திகளில் இரண்டும் ஒரே வரியில் வருவது கதிராமங்கலத்துக்குச் செய்யும் அநியாயம்.

2020 சட்டத்துக்குப் பிறகு டெல்டாவில் எண்ணெய் எடுப்பது நின்றுவிட்டதா?

நிற்கவில்லை. 2020 பிப்ரவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் (அப்போது நாகப்பட்டினத்தில் மயிலாடுதுறையும் அடக்கம்), கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் ஐந்தைந்து ஒன்றியங்களிலும் புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதையும் எடுப்பதையும் தடை செய்கிறது. மீத்தேன், ஷேல் இரண்டையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

ஆனால் சட்டத்துக்கு முன்பே நடந்துவந்த பணிகளை அது தொடாது. குழாய், துறைமுகம், சாலை போன்ற கட்டமைப்புக்கும் விலக்கு உண்டு. திருச்சி, அரியலூர், கரூர் மாவட்டங்கள் மண்டலத்தில் சேரவே இல்லை. ராமநாதபுரமும் இல்லை. காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் என்பதால் தமிழ்நாட்டுச் சட்டம் எல்லையிலேயே நின்றுவிடும். ஏற்கெனவே உள்ள உரிமத்துக்குள் பழைய கிணற்றைச் சீரமைத்தால் அது பழைய பணியா புதிய பணியா என்பதில்தான் இப்போது ஒவ்வொரு ஊரிலும் இழுபறி.

மாநில அரசால் உண்மையில் தடுக்க முடியுமா? பணம் யாருக்குப் போகிறது?

எண்ணெய் வளம் அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. கொள்கை, ஏலம், ஒப்பந்தம் எல்லாம் டெல்லி. ஆனால் நிலப்பரப்பில் குத்தகையை, மத்திய அரசின் முன் அனுமதியோடு, வழங்க வேண்டியது மாநில அரசு. "எங்கள் கையில் ஒன்றுமில்லை" என்று சென்னை சொல்லும்போதெல்லாம் நெடுவாசலை நினைத்துக்கொள்ளலாம். அங்கே குத்தகை மாறாததால்தான் கதை முடிந்தது.

நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்கான உரிமைத் தொகை (ராயல்டி) மாநிலத்துக்கு வரும். 2016 கொள்கையில் நிலப்பரப்பு எண்ணெய்க்கு 12.5 சதவீதம், எரிவாயுவுக்கு 10 சதவீதம். கடலில் எடுப்பதற்கு மத்திய அரசுக்கே. கிணறு இருக்கும் ஊராட்சிக்கு இதில் நேரடிப் பங்கு என்று எதுவும் இல்லை. நிறுவனம் சமூகப் பொறுப்பு நிதியில் கட்டித்தரும் வகுப்பறையும் குடிநீர்த் தொட்டியும்தான்.

என் வயலில் குழாய் பதித்தால் நிலம் போய்விடுமா?

நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். 1962ஆம் ஆண்டு குழாய்ச் சட்டப்படி அரசு எடுப்பது பயன்பாட்டு உரிமை மட்டும். பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு, அதோடு அந்தப் பட்டையின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். பிறகு நெல் போடலாம். ஆனால் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. பட்டா உங்களுடையது, பாதி உரிமை இல்லை. விற்கப்போகும்போதுதான் அந்தப் பத்து சதவீதம் எவ்வளவு குறைவு என்று தெரியும்.

எண்ணெய்க் கிணறுகளால்தான் நிலத்தடி நீர் உப்பானதா?

"ஆம்" என்றோ "இல்லை" என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்பவரை நம்பாதீர்கள். கடைமடையில் நீர் உப்பாவதற்கு ஆற்றில் தண்ணீர் குறைந்தது, ஆழ்துளைக் கிணறுகளால் நன்னீரை இறைத்துத் தீர்த்தது, கடல் நீர் உட்புகுவது, இறால் பண்ணைகள் என்று பல காரணங்கள் உண்டு. எண்ணெய்க் கிணறு இல்லாத கடலோரக் கிராமங்களிலும் நீர் உப்பாகியிருக்கிறது. மறுபக்கம், குழாய் கசிந்த வயலில் மண் கெட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சிமெண்ட் பழுதடைந்த கிணறோ முறையாக அப்புறப்படுத்தாத உப்புத் தண்ணீரோ நன்னீரைக் கெடுக்கக்கூடியவைதான்.

தோண்டுவதற்கு முன் சுற்றியுள்ள பம்புசெட், கைபம்பு நீரைச் சோதித்து, அதன்பின் ஆண்டுதோறும் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். பெரிய செலவும் இல்லை.

உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கிடைத்ததா?

காவலாளி, ஓட்டுநர், ஒப்பந்தக் கூலி, லாரி வாடகை என்ற அளவில் கிடைத்தது. காரைக்கால் நகரத்துக்கு வாடகையும் வியாபாரமும் வந்தன. எண்ணெய் எடுப்பது ஆள் குறைவாகவும் இயந்திரம் அதிகமாகவும் தேவைப்படும் தொழில். விவசாயத்தை விட்டவர்களை உள்ளே இழுத்துக்கொள்ளும் தொழில் அல்ல.

கடலுக்குள்ளும் எடுக்கிறார்களா?

ஆம், சிறிய அளவில். புதுச்சேரிக்குத் தெற்கே பி.ஒய்.-3 வயலில் 1997 முதல் 2011 வரை எண்ணெய் எடுத்தார்கள். பி.ஒய்.-1 வயலின் வாயு 2009இலிருந்து தரங்கம்பாடி அருகே பிள்ளைப்பெருமாள்நல்லூரில் கரையேறியது. 2018இல் புதிய கொள்கையின் முதல் ஏலத்தில் இந்தப் படுகையில் வேதாந்தா நிறுவனத்துக்கு எண்ணெய் தேடும் பரப்புகள் இரண்டு, ஓ.என்.ஜி.சி.க்கு ஒன்று கிடைத்தன. வேளாண் மண்டலச் சட்டம் கடலுக்குப் பொருந்தாது. மீனவர் தரப்பு இந்த விவாதத்தில் எப்போதும் இரண்டாம் வரிசையில்தான் இருக்கிறது.

இலங்கைப் பக்கம் எப்படி?

பாறைகளுக்குக் கடல் எல்லை தெரியாது. மன்னார்த் தீவின் பேசாலையில் 1970களிலேயே சோவியத் உதவியோடு தோண்டிப் பார்த்தார்கள், பயன் இல்லை. 2011இல் கெய்ர்ன் நிறுவனம் மன்னார் ஆழ்கடலில் டொராடோ, பரக்குடா என்ற இரண்டு இடங்களில் எரிவாயுவைக் கண்டறிந்தது. பிறகு நிறுவனம் விலகிக்கொண்டது. வாயு இன்னும் கடலடியிலேயே இருக்கிறது.

எங்கள் ஊரில் கிணறு வரப்போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முன்பு பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் தெரியவரும். 2020 ஜனவரியில் மத்திய அரசு ஆய்வுக் கிணறுகளைச் சுற்றுச்சூழல் அனுமதி விதிகளில் நடைமுறை எளிதான பி-2 பிரிவுக்கு மாற்றிவிட்டதால், அவற்றுக்கு அந்தக் கூட்டம் தேவையில்லை. அதனால் நாமே தேட வேண்டும். சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பங்கள் ஏறும். மாவட்டம் வாரியாகப் பார்க்கலாம். மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் கூட்டக் குறிப்புகளும் பொதுவில் கிடைக்கும். விண்ணப்பத்தில் கிணற்றின் இடம் அட்சரேகை, தீர்க்கரேகையோடு இருக்கும், பல நேரம் கிராமப் பெயரும் இருக்கும். அதைக் கைபேசி வரைபடத்தில் போட்டுப் பார்த்து, புல எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சரிபார்த்துக்கொண்டு, குத்தகை நிலவரத்தை ஆட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு அதே அலுவலகத்தின் மேல்நிலை அதிகாரியிடம்.